காலி வீட்டு அக்கா

என் போனில் அந்த அக்காவின் நம்பரைக் ‘காலி வீடு அக்கா’ என்றுதான் பதிந்து வைத்திருந்தேன். பெயர் தெரியாமல் இல்லை. வீட்டு புரோக்கர் போனில் பெயர்கள் நிற்காது. மாடி போர்ஷன் சார், நாய் வீட்டம்மா, மஞ்சக்குப்பம் டீச்சர் என்று எல்லோரும் ஏதாவது ஒரு வீட்டோடு ஒட்டிக்கொண்டுதான் இருப்பார்கள். அக்கா மட்டும் எந்த வீட்டோடும் ஒட்டாதவர். ஒருவர் காலி செய்து போன பிறகு, இன்னொருவர் குடி வருவதற்கு முன்பு, நடுவில் கிடைக்கிற இரண்டு மூன்று நாள் மட்டும் அது அவருடைய வீடு. கடலூரிலும் சிதம்பரத்திலுமாக எத்தனையோ வீடுகளை அப்படி எனக்காகக் கழுவிக் கொடுத்தார்.

நான் குவைத்தில் பதினொரு வருஷம் கட்டடம் துடைக்கிற கான்ட்ராக்ட் கம்பெனியில் இருந்தவன். முழங்கால் போன பிறகு ஊர் திரும்பி இந்த வேலைக்கு வந்தேன். அங்கே சுத்தம் என்றால் வாசனை. சூப்பர்வைசர் லிஃப்டை விட்டு இறங்கியதும் மூக்கை உறிஞ்சுவான். நெடி வந்தால் வேலை நடந்திருக்கிறது என்று அர்த்தம். தரையை அவன் குனிந்து பார்த்ததே இல்லை. அதே பழக்கத்தோடுதான் இங்கேயும் இருந்தேன். காலி வீடு என்றால் ஆசிட், ஃபினாயில், அரை நாள் வேலை, சாவி.

அக்காவை முதலில் கூப்பிட்டது மஞ்சக்குப்பத்தில் ஒரு வீட்டுக்கு. முன்னால் இருந்தவர்கள் இரண்டு நாய் வளர்த்தார்கள். அவர்கள் போய் நான்கு மாதமாகியும் வீடு போகவில்லை. பார்க்க வருகிறவர்கள் ஹாலில் கால் வைத்ததும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். கிச்சனைக்கூடப் பார்க்காமல், யோசித்துச் சொல்கிறோம் என்று கிளம்பிவிடுவார்கள். மூன்று தடவை ஆள் விட்டு ஃபினாயில் ஊற்றிப் பார்த்தேன். நாய் நெடியும் ஃபினாயில் நெடியும் சேர்ந்து இன்னும் மோசமானதுதான் மிச்சம். முதுநகர் பக்கம் ஒரு அம்மா இருக்கிறார், நெடி போக்குவதில் கெட்டிக்காரி, ஆனால் நாள் ஜாஸ்தி எடுப்பார் என்று ஒரு பெயிண்டர் சொன்னார்.

அக்கா டவுன் பஸ்ஸில் ஒரு அரிசிச் சாக்கோடு வந்து இறங்கினார். ஐம்பது வயதிருக்கும். ஒல்லியான உடம்பு. நாலு வார்த்தை பேசினால் ஒரு தடவை நின்று மூச்சு வாங்குவார். சாக்கில் என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்த்தேன். கிழிந்த வேட்டி, பழைய புடவைத் துண்டுகள், தேங்காய் நார், அடுப்புக் கரி, ஒரு டப்பா ஆப்ப சோடா, ஒரு பாட்டிலில் பூந்திக்கொட்டை ஊறின தண்ணீர், ஜூஸ் கடையில் கேட்டு வாங்கிய எலுமிச்சைத் தோல். இதை வைத்துக்கொண்டா என்று எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் என்னைப் பார்க்கவேயில்லை. கண்ணை மூடிக்கொண்டு சுவர் ஓரமாக நடந்தார். சில இடங்களில் நின்று, ஒரு கரித்துண்டால் தரையில் சின்னதாகக் கோடு போட்டார். நாய்கள் படுத்த இடங்கள் அவை. பிறகு எல்லா ஜன்னலையும் திறந்துவிட்டு, இன்றைக்கு வேலை இவ்வளவுதான் என்றார். ஏமாற்றுகிற பொம்பளை என்று மனசுக்குள் நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் தண்ணீரைத் தொடுவதற்கு முன்னால் கேட்டார்: “இந்த வூட்டுத் தண்ணி எங்க போவுது பாய்?”

எனக்குத் தெரியவில்லை. வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன். தன் வீட்டைக் கட்டி இருபது வருஷமான அவருக்கும் தெரியவில்லை. அக்கா பின்பக்கம் போய், பைப்பைப் பிடித்துக்கொண்டே நடந்து, காம்பவுண்டுச் சுவருக்கு வெளியே சாக்கடையில் சேர்கிற இடம் வரை பார்த்துவிட்டு வந்தார். அதன் பிறகு எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் இதைத்தான் கேட்பார். செடி இருந்தால் துடைத்த தண்ணீரைச் செடிக்கு விடுவார். பல வீடுகளில் வீட்டுக்காரர்களே அன்றைக்குத்தான் தங்கள் வீட்டுத் தண்ணீர் எந்த வழியாகக் கெடிலம் ஆற்றுக்குப் போகிறது என்று தெரிந்துகொண்டார்கள்.

மஞ்சக்குப்பம் வீட்டுக்கு மூன்று நாள் ஆனது. சுடுதண்ணீரும் ஆப்ப சோடாவும் போட்டுத் தேய்த்தார், எலுமிச்சைத் தோல் ஊறின தண்ணீரால் துடைத்தார், மூலைகளில் கரியைத் தட்டில் பரப்பி வைத்தார். நான்காம் நாள் நான் போய் நின்றபோது அந்த வீட்டில் எந்த வாசனையும் இல்லை. எனக்கு ஏமாற்றமாகத்தான் இருந்தது.

“என்னக்கா, ஒண்ணுமே அடிக்கலியே?” என்றேன்.

“அடிக்கக் கூடாது பாய். வர்றவங்க அவுங்க வாசனைய அவுங்களே கொண்டாருவாங்க.”

அந்த வாரமே ஒரு பேங்க் ஆபீசர் குடும்பம் வந்தது. அந்த அம்மா ஹாலில் நின்று சுற்றிப் பார்த்துவிட்டு, இது புது வீடா என்று கேட்டார்.

அதற்காக எல்லோருக்கும் அக்காவைப் பிடித்தது என்று சொல்ல முடியாது. முக்கால்வாசி வீட்டுக்காரர்கள் உள்ளே வந்ததும் மூக்கைத்தான் உறிஞ்சினார்கள். திருப்பாதிரிப்புலியூரில் ஒருவர், கழுவின மாதிரியே தெரியவில்லை, என் கண் முன்னால் ஃபினாயில் ஊற்றித் துடைத்தால்தான் ஆச்சு என்று நின்றுவிட்டார். அக்கா வாக்குவாதம் செய்யவில்லை. மாப்பை என் கையில் கொடுத்துவிட்டுத் தெருவுக்குப் போய்விட்டார். நான் ஊற்றித் துடைத்தேன். வீட்டுக்காரர் திருப்தியாகப் போன பிறகும் அவர் உள்ளே வரவில்லை. சாக்கை நான்தான் எடுத்து வந்து கொடுத்தேன்.

காலி செய்கிறவர்கள் விட்டுப் போகிற சாமான்கள் இன்னொரு தலைவலி. மற்ற ஆட்கள் எல்லாவற்றையும் கறுப்புப் பையில் அள்ளித் தெருமுனையில் வைத்துவிடுவார்கள். அக்கா வேலை பார்த்த வீட்டு வாசலில் ஒரு குப்பைப் பை இருந்து நான் பார்த்ததில்லை. திரைச்சீலை துடைக்கிற துணியாகிவிடும். பாட்டில், டப்பா எல்லாம் பழைய சாமான் கடைக்குப் போகும். ஒரு வீட்டு அலமாரியில் யாருடைய ஸ்கேன் ரிப்போர்ட்டோ கிடந்தது. பழைய குடித்தனக்காரருக்கு நான் போன் போட்டு, அவர் வந்து வாங்கிப் போகிறவரை அந்த அலமாரியை அக்கா தொடவில்லை. பாதி மீந்த ஃபினாயில், ஹார்பிக் பாட்டில்களை மட்டும் வாயைத் துணியால் இறுக்கிக் கட்டி என்னிடம் நீட்டுவார். யார் தலையிலாவது கட்டுங்கள், மண்ணில் மட்டும் ஊற்றிவிடாதீர்கள் என்பார். என் ஸ்கூட்டர் டிக்கியில் எப்போதும் நாலைந்து அரை பாட்டில்கள் உருண்டுகொண்டிருக்கும்.

ஒரு நோன்புக்கு முன்னால் அக்காவை எங்கள் வீட்டுக்கும் கூட்டி வந்தேன். என் மனைவிக்கு அவரைப் பிடித்துப்போனது. அடுப்பு மேடைப் பிசுக்கைச் சாம்பலும் சீயக்காயும் போட்டு எடுப்பது, குழாயில் படிந்த உப்புக்கறைக்குப் புளித்தண்ணீரில் நனைத்த துணியைச் சுற்றி வைப்பது என்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். இரண்டு வாரம் செய்தும் பார்த்தாள். பிறகு ஒரு நாள் பழையபடி நீல நிற பாட்டில் பாத்ரூமுக்கு வந்துவிட்டது. நான் கேட்டதற்கு அவள் சொன்ன பதிலை அக்காவிடம் சொல்லவில்லை. உங்கள் அக்காவுக்குக் காலி வீடு, எனக்கு ஆள் இருக்கிற வீடு, துணி ஊறுகிறவரை குழாயைத் திறக்காமல் இருக்க இங்கே யாருக்கு நேரம் இருக்கிறது என்றாள். அவள் சொன்னதிலும் தப்பில்லை. காலையில் எழுந்ததிலிருந்து அவள் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

அக்காவிடமும் அந்தக் களைப்பு இருந்தது. வேலை முடிந்ததும் சுவரில் சாய்ந்து காலை நீட்டிக்கொள்வார். உள்ளங்கையை மடியில் மல்லாத்தி வைத்து அதையே பார்த்துக்கொண்டிருப்பார். நான் சாவிக்கொத்தோடு எதிரில் உட்கார்ந்திருப்பேன். மாடி ஏறி இறங்கி எனக்கும் முழங்கால் விண்விண்ணென்று தெறிக்கும். அப்படியே பத்து நிமிஷம் போகும். அந்தப் பத்து நிமிஷத்துக்காகவே சில நாள் நான் வேலை முடிகிற நேரம் பார்த்துப் போனதுண்டு.

சிதம்பரத்தில் வீடு காலியானால் இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் போவோம். அப்படி ஒரு தடவை புதுச்சத்திரம் தாண்டிப் போய்க்கொண்டிருக்கும்போது, ஊர்க் கதை சொல்கிற மாதிரி ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னார். கல்யாணமான புதிதில் ஒரு கம்பெனியில் டிரம் கழுவுகிற வேலையாம். அந்தக் கம்பெனி எப்போதோ மூடியாகிவிட்டது. ஏழெட்டுப் பொம்பளைகள் மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு நாளெல்லாம் கழுவுவார்களாம். கழுவின தண்ணீர் எங்கே போகிறது என்று ஒருத்தியும் கேட்கவில்லை. கொஞ்ச வருஷம் கழித்து வீட்டுக் கிணற்றில் இறைத்த தண்ணீரில் அதே நெடி அடித்ததாம்.

“நான் கழுவி ஊத்துனதுதான பாய் எனக்கே வந்துச்சு,” என்றார்.

நான் ஏதோ ஆறுதல் சொல்ல ஆரம்பித்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். இதைக் கேட்டு என்னைப் பெரிய மனுஷியாக நினைத்துவிடாதீர்கள், அந்த வாசனை என் நெஞ்சுக்கு ஆவாது, அவ்வளவுதான் விஷயம் என்றார். டாக்டர் இனிமேல் ஃபினாயில் பக்கம்கூடப் போகாதே என்று சொல்லிவிட்டாராம். தெரிந்த வேலையோ கழுவுவது ஒன்றுதான். அதனால் வாசனை இல்லாமல் கழுவக் கற்றுக்கொண்டேன் என்றார்.

இதையெல்லாம் தெரிந்துகொண்டுதான் நான் அந்தக் காரியத்தைச் செய்தேன்.

சிதம்பரத்தில் கீழ வீதிக்குப் பின்னால் ஒரு மாடி வீடு. வீட்டுக்காரர் ரிட்டயர்டு ஆள், கீழே குடியிருந்தார். புதிதாக வருகிறவர்கள் வெள்ளிக்கிழமை காலையில் பால் காய்ச்ச நேரம் குறித்துவிட்டார்கள். நாங்கள் போய் இறங்கியது புதன்கிழமை. ஹாலும் கிச்சனும் சுமாராக இருந்தன. பாத்ரூம்தான் மோசம். பல வருஷத்து உப்புத் தண்ணீர், டைல்ஸ் எல்லாம் மஞ்சளேறி, ஓரங்களில் பழுப்புப் பட்டை. நான்கு நாள் வேண்டும், துணி போட்டு ஊற வைத்துத்தான் எடுக்க முடியும் என்றார் அக்கா. நான் வீட்டுக்காரரிடம் ஒரே நாள் என்று சொல்லியிருந்தேன். காலையிலிருந்து அவர் மூன்று தடவை மேலே வந்து பார்த்துவிட்டுப் போனார். நான்காவது தடவை, உம்மால் ஆகுமா ஆகாதா என்று கேட்டார்.

மதியம் மாடிப்படிக்கு அடியில் நின்று ஆசிட் ஊற்றுகிற ஆளுக்குப் போன் செய்தேன். நாற்பது வயசுக்காரர், டிவிஎஸ்ஸில் கேனைக் கட்டிக்கொண்டு சிதம்பரம் முழுக்கச் சுற்றுகிறவர். அக்கா சாப்பிடப் போகிற நேரத்தில் வந்து அரை மணியில் முடித்துவிட்டுப் போய்விடு என்றேன். அக்கா இறங்கி வந்து, சாப்பிட்டுவிட்டு வருகிறேன் பாய் என்று மெஸ் பக்கம் போனார். அந்த ஆள் வந்தார். நான் ஹாலில் உட்கார்ந்துகொண்டு பாத்ரூமைக் கையால் காட்டினேன்.

முந்தின நாள் வீட்டுக்காரர் தன் பங்குக்கு அந்தப் பாத்ரூம் முழுக்க பிளீச்சிங் பவுடரைக் கொட்டி வைத்திருந்தார். அதன் மேல் ஆசிட் விழுந்தால் என்ன ஆகும் என்பது குவைத்தில் முதல் நாளே சொல்லித் தந்த பாடம். அந்த ஆள் உள்ளே போகும்போது நான் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

முதலில் இருமல் சத்தம் கேட்டது. பிறகு ஏதோ விழுகிற சத்தம். கதவுக்கு அடியிலிருந்து மஞ்சள் பச்சையாக ஒரு புகை வந்தது. நான் எழுந்து உள்ளே போயிருக்க வேண்டும். படியில் இறங்கினேன். ஆளைக் கூப்பிடத்தான் இறங்குகிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பாதிப் படியில் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றுவிட்டேன். அதற்கு மேலும் போகவில்லை, கீழேயும் போகவில்லை.

அக்கா தெருவிலிருந்து ஓடி வந்தார். அவர் ஓடி நான் பார்த்தது அது ஒரு தடவைதான். என்னை ஒதுக்கிவிட்டு ஏறினார். கிச்சன் குழாயில் ஒரு துணியை நனைத்து முகத்தில் கட்டிக்கொண்டு உள்ளே போனார். அந்த ஆளின் கக்கத்தில் கை கொடுத்து, இழுத்து இழுத்து, பால்கனியில் கொண்டுவந்து போட்டார். பிறகு அவரே சுவரோரம் உட்கார்ந்தார். உதடு நீலம் பாரித்திருந்தது. மூச்சை இழுக்கிற சத்தம் படி வரைக்கும் கேட்டது.

ஆஸ்பத்திரியில் டாக்டர், யார் இதைக் கலந்தது என்று கேட்டார். எனக்குத் தெரியாது சார், வீட்டுக்காரர் ஏதோ போட்டு வைத்திருந்தார் என்றேன். ஆசிட் ஊற்றுகிற ஆள் பக்கத்துக் கட்டிலில் தலையைக் குனிந்துகொண்டார். நாளைக்கும் அவரை நான்தான் வேலைக்குக் கூப்பிட வேண்டும் அல்லவா. அக்காவின் முகத்தில் ஆக்ஸிஜன் மாட்டியிருந்தது. கண் திறந்திருந்தது. என்னைப் பார்த்தார், பிறகு மூடிக்கொண்டார்.

அந்த ஆள் இரண்டு நாளில் வீட்டுக்குப் போய்விட்டார். அக்கா ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். வெள்ளிக்கிழமை குறித்த நேரத்தில் பால் காய்ச்சிவிட்டார்கள். வீட்டுக்காரர் போன் செய்து, பாத்ரூம் புதுசு மாதிரி வெள்ளையாகிவிட்டது, இதை முதலிலேயே செய்திருக்கலாமே என்றார். அன்று ஜும்ஆவுக்குப் போய் நின்றேன். தொழுகையில் மனசு நிற்கவில்லை.

அதற்குப் பிறகு அக்கா வேலைக்கு வரவில்லை. படி ஏற முடியவில்லை. முதுநகரில் அவர் இருந்த வாடகை வீட்டுக்கு இரண்டு தடவை போனேன். அந்த வீட்டைப் பிடித்துக் கொடுத்ததே நான்தான். உட்காரச் சொல்லி டீ கொடுத்தார், என் முழங்காலைப் பற்றி விசாரித்தார். சொல்லிவிட வேண்டும் என்றுதான் இரண்டு தடவையும் போனேன். இரண்டு தடவையும் டீயைக் குடித்துவிட்டு வந்தேன்.

ஒன்றரை வருஷம் கழித்து அவரே போன் செய்தார். காடாம்புலியூரில் இருக்கிற மகள் கூப்பிடுகிறாள், முந்திரித் தோப்புக்குள் வீடு, காற்று நன்றாக இருக்கிறதாம், போகிறேன், வந்து சாவியை வாங்கிக்கொள்ளுங்கள் என்றார். நான் போனபோது சாமான்கள் ஆட்டோவில் ஏறியிருந்தன. வீட்டைச் சுற்றிப் பார்த்தேன். ஏழு வருஷம் ஒருவர் சமைத்துச் சாப்பிட்ட வீடு. அடுப்பு மேடையில் ஒரு பொட்டுக் கறையில்லை. ஒரு நாளைக்கு ஒரு சுவராகப் பதினொரு நாள் துடைத்தேன், அதற்கு மேல் மூச்சு இடம் கொடுக்கவில்லை என்றார்.

சாவியை வாங்கிய கையோடு சொல்லிவிட்டேன். “அக்கா, அன்னிக்கு அந்த ஆளக் கூப்புட்டது நாந்தான்.”

“தெரியும் பாய்.”

ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்தார். அக்கா கொஞ்சம் பொறுங்கள் என்று அவரிடம் கையைக் காட்டிவிட்டு, கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார்.

“நீங்க போன்ல பேசுனது எனக்குக் கேட்டுச்சு. நான் பாத்ரூம்லதான இருந்தேன். பவுடர் கொட்டிக் கெடந்ததும் பாத்தேன். ரெண்டும் சேந்தா என்னா ஆவும்னு எனக்குத் தெரியாதா பாய்? வந்து ஒரு வார்த்த சொல்லிருக்கணும். சொல்லல. அன்னிக்கு எனக்கு ஓஞ்சு போச்சு. நாலு நாளு அந்தக் கறையோட யாரு மல்லுக்கட்டுறதுன்னு இருந்துச்சு. ஊத்தட்டும், போவட்டும்னு சாப்புடப் போயிட்டேன். சோத்துல கைய வச்சப்புறந்தான் அந்த ஆளு நெனப்பு வந்துச்சு. பாதியில எழுந்து வந்தேன்.”

அந்த ஆள் இப்போது எப்படி இருக்கிறார் என்று கேட்டார். நன்றாக இருக்கிறார் என்றேன். அதே வேலைதான் பார்க்கிறாரா என்று கேட்டார். ஆமாம் என்றேன். தலையை ஆட்டிக்கொண்டு ஆட்டோவில் ஏறினார். மெதுவாகப் போகச் சொல்லி டிரைவரிடம் சொன்னது காதில் விழுந்தது.

அவர் சொன்னதை நான் நம்பவில்லை. என் மனசில் இருந்த பாரத்தை இறக்கி வைக்கத்தான் ஒரு பழியைத் தன் மேல் போட்டுக்கொண்டு போனார் என்று நினைத்தேன். அதைச் செய்யக்கூடியவர்தான். அடுத்த மழைக்காலத்தில் மகள் போன் செய்து அக்கா இறந்துவிட்டதைச் சொன்னாள். அப்போதும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இந்த வருஷம் அந்தச் சிதம்பரம் வீடு மறுபடியும் காலியானது. சாவியை வாங்கிக்கொண்டு நான் மட்டும் ஒவ்வொரு படியாக நின்று நின்று மேலே போனேன். குழாய் சரியாக இருக்கிறதா என்று பார்க்கப் பாத்ரூமுக்குள் நுழைந்தேன். டைல்ஸில் மறுபடியும் மஞ்சள் ஏறியிருந்தது. தலைக்கு மேலே வென்டிலேட்டர் திறந்திருந்தது. கீழே மாடிப்படிக்கு அடியில், அன்று நான் நின்ற அதே இடத்தில், வீட்டுக்காரர் தன் மகனோடு போனில் பேசிக்கொண்டிருந்தார். இந்த வயசில் தனியாக இந்த வீட்டைக் கட்டி மேய்க்க முடியவில்லை, விற்றுவிடலாமா என்று கேட்டுக்கொண்டிருந்தார். சத்தமாகக்கூடப் பேசவில்லை. ஒரு வார்த்தை விடாமல் எனக்குக் கேட்டது.

குழாயைத் திறக்காமல், அவர் பேசி முடிக்கிறவரை அங்கேயே நின்றுகொண்டிருந்தேன்.